'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்': நம்பிக்கையைக் கொடுத்துப் பறிக்கும் எத்தர்களின் கதை

'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' 1987இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம். நாடகாசிரியர் டேவிட் மாமெட் எழுதி இயக்கிய முதல் படம் இது. மனநல மருத்துவர் ஒருத்தி எத்தர் கூட்டம் ஒன்றைச் சந்திக்கிறாள். அவர்களுடைய தொழிலை ஆராயப் புகுந்து, அந்தத் தொழிலுக்கே இரையாகிறாள். கடைசியில் அவர்களைவிட ஆபத்தானவளாக மாறுகிறாள். 102 நிமிடங்களில் சொல்லி முடிக்கப்படும் இந்தக் கதை, ஏமாற்றுக்காரர்களைப் பற்றிய படங்களில் தனி இடம் பெற்றது. திருப்பங்களின் எண்ணிக்கை அதற்குக் காரணமல்ல. அறிவுள்ள ஒரு மனம் எப்படி ஏமாறுகிறது என்ற கேள்விக்கு இந்தப் படம் நேர்மையான விடை தருகிறது. அந்த விடை இன்றைக்கும் செல்லுபடியாகும்.

படத்தின் முடிச்சுகள் அனைத்தும் இந்தக் கட்டுரையில் அவிழ்க்கப்படுகின்றன. பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

உருவாக்கியவர்கள்

சிகாகோவில் 1947இல் பிறந்த மாமெட், இந்தப் படத்தை எடுப்பதற்கு முன்பே அமெரிக்க மேடையில் நிலைபெற்றிருந்தார். நிலத்தை ஆசைகாட்டி விற்கும் தரகர்களைப் பற்றிய அவரது 'க்ளென்கேரி க்ளென் ராஸ்' நாடகம் 1984இல் புலிட்சர் பரிசு பெற்றது. சினிமாவிலும் 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' (1981), 'தி வெர்டிக்ட்' (1982), 'தி அன்டச்சபிள்ஸ்' (1987) ஆகியவற்றுக்குத் திரைக்கதை எழுதியிருந்தார். பேச்சினால் பிழைப்பவர்கள், பேச்சினால் மற்றவரை வளைப்பவர்கள் ஆகியோரே தொடக்கத்திலிருந்து அவருடைய பாத்திரங்கள். எத்தர்களின் உலகத்துக்கு அவர் வந்து சேர்ந்தது இயல்பானது. படத்தின் கதையை மாமெட்டும் நகைச்சுவைக் கலைஞர் ஜோனதன் காட்ஸும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

மருத்துவர் மார்கரெட் ஃபோர்டாக நடித்த லிண்ட்சே க்ரௌஸ் அப்போது மாமெட்டின் மனைவி. எத்தர்களின் தலைவன் மைக்காக நடித்தவர் ஜோ மான்டெக்னா. 'க்ளென்கேரி க்ளென் ராஸ்' நாடகத்தில் நடித்து டோனி விருது பெற்றவர். கூட்டாளி ஜோயியாக வரும் மைக் நஸ்பாமும் அதே நாடகத்தின் பிராட்வே மேடையேற்றத்தில் நடித்தவரே. மாமெட்டின் மாணவராக இருந்த வில்லியம் ஹெச். மேசி ஒரு சிறு வேடத்தில் வருகிறார். சீட்டாட்டக் காட்சியில் லாஸ் வேகஸ்காரனாக நடித்த ரிக்கி ஜே, உலகின் தலைசிறந்த சீட்டு வித்தைக்காரர்களில் ஒருவராக விளங்கியவர். ஏமாற்றுக் கலையின் வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் எழுதியவர். ஏமாற்றும் முறைகளைப் படத்தில் சரியாகக் காட்டுவதற்கும் அவர் ஆலோசனை சொன்னார். ஒளிப்பதிவு ஹுவான் ரூயிஸ் ஆன்சியா, இசை அலரிக் ஜான்ஸ். படப்பிடிப்பு சியாட்டில் நகரில் நடந்தது.

எத்தர் தொழிலின் பின்புலம்

படத்தை முழுமையாகப் புரிந்துகொள்ள, அதன் வேரில் இருக்கும் அமெரிக்க மரபைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1849இல் நியூயார்க்கில் வில்லியம் தாம்ஸன் என்பவன் கைதானான். நாகரிகமாக உடுத்திக்கொண்டு, தெருவில் போகும் கனவான்களிடம் பழகிய முகம்போலப் பேச்சுக் கொடுப்பான். நாளைவரை உங்கள் கடிகாரத்தை என்னிடம் கொடுத்துவைக்கும் அளவுக்கு என்மீது நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பான். சிலர் கழற்றிக் கொடுத்தார்கள். 'நியூயார்க் ஹெரால்ட்' இதழ் அவனுக்கு 'நம்பிக்கை மனிதன்' என்று பெயர் சூட்டியது. ஆங்கிலத்தில் எத்தர்களைக் குறிக்கும் சொல் அப்படித்தான் பரவியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1857இல், ஹெர்மன் மெல்வில் அதே பெயரில் ஒரு நாவலை வெளியிட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தத் தொழில் தனித்தனி வேலைப் பிரிவுகளோடு வளர்ந்தது. லூயிவில் பல்கலைக்கழக மொழியியலாளர் டேவிட் மௌரர் எத்தர்களோடு பழகி, அவர்களுடைய குழூஉக்குறிகளைச் சேகரித்து, 1940இல் 'தி பிக் கான்' என்ற நூலை எழுதினார். மௌரர் தரும் சித்திரத்தின்படி, பெரிய மோசடி என்பது ஒரு நாடகம். இரையைத் தேடிப்பிடித்து அழைத்துவருகிறவன் ஒருவன். உள்ளே இருந்து அந்த இரையின் நம்பிக்கையைப் பெறுகிறவன் இன்னொருவன். சூதாட்ட விடுதியாகவோ பங்குத் தரகு அலுவலகமாகவோ ஜோடிக்கப்பட்ட இடம் ஒன்று இருக்கும். அங்கே வாடிக்கையாளர்களாக உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாருமே கூட்டத்து ஆட்கள். இரைக்கு முதலில் ஒரு சிறு வெற்றியைக் கொடுப்பார்கள். பிறகு பெரிய தொகை கொண்டுவர அனுப்புவார்கள். பணம் கைமாறியதும் அந்த ஆள் போலீசுக்குப் போகாதபடி, திரும்பியும் பாராமல் ஓடும்படி ஒரு காட்சியை அரங்கேற்றுவார்கள். வாயில் ரத்தப் பை ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு ஒருவன் சுடப்பட்டவன்போல விழுவது அவற்றில் புகழ்பெற்றது. கொலை வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் இரை பணத்தை மறந்துவிட்டு ஊரைவிட்டே போய்விடும்.

இந்த மரபின் ஒவ்வொரு பகுதியும் 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' படத்தில் இருக்கிறது. பணத்தாசை பிடித்த வியாபாரி இருக்க வேண்டிய இடத்தில் மனித மனத்தைப் படித்த மருத்துவரை மாமெட் வைத்தார். அவர் செய்த பெரிய மாற்றம் அதுதான்.

முதல் இரவு: தோற்றுப்போன மோசடி

மார்கரெட் ஃபோர்ட், தன்னை மீறிய உந்துதல்களுக்கு அடிமையானவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறாள். அது நன்றாக விற்பனையாகிறது. தெருவில் நிறுத்திக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வேலையைத் தவிர அவளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. சாப்பிடும்போதும் குறிப்பெழுதுகிறாள். தலைமுடி ஒட்ட வெட்டப்பட்டிருக்கிறது, உடைகள் விறைப்பாக இருக்கின்றன, பேச்சு அளந்து வருகிறது. மூத்த மருத்துவரும் ஆசானுமான மரியா மட்டுமே அவளுக்கு நெருக்கமானவர். அந்த வேடத்தில் லிலியா ஸ்கலா நடித்திருக்கிறார்.

பில்லி என்ற இளைஞன் அவளிடம் சிகிச்சைக்கு வருகிறான். சூதாட்டத்தில் 25,000 டாலர் கடன் பட்டுவிட்டதாகவும், கட்டாவிட்டால் கொன்றுவிடுவார்கள் என்றும் சொல்லித் துப்பாக்கியை எடுக்கிறான். உங்களால் எனக்கு என்ன உதவி செய்ய முடிந்தது, எல்லாம் வெறும் பேச்சு என்று கத்துகிறான். அவள் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, உதவுவதாக வாக்குக் கொடுக்கிறாள். அன்றிரவே 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' என்ற சூதாட்ட விடுதிக்குப் போகிறாள்.

அங்கே மைக்கை நேருக்கு நேர் எதிர்கொள்கிறாள். அவன் மிரட்டவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறான். பில்லியின் கடன் 800 டாலர்தான். அதையும் தள்ளிவிடுகிறேன், பதிலுக்கு எனக்கொரு உதவி செய்யுங்கள் என்கிறான். பின்னறையில் போக்கர் நடக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் லாஸ் வேகஸ்காரன் கையில் நல்ல சீட்டு இல்லாமல் மிரட்டலாகப் பந்தயம் கட்டும்போது தன் மோதிரத்தைத் திருகுவான். மைக் கழிப்பறைக்குப் போகும் சமயத்தில் அதை அவள் கவனித்துச் சொன்னால் போதும்.

மைக் எழுந்து போகிறான். வேகஸ்காரன் மோதிரத்தைத் திருகுகிறான். அவள் மைக்கிடம் சொல்கிறாள். பந்தயத்தைச் சந்திக்க மைக்கிடம் பணம் போதவில்லை. தன் கணிப்பில் உறுதியாக இருக்கும் மார்கரெட், 6,000 டாலருக்குத் தானே பொறுப்பேற்கிறாள். மைக் மூன்று ஏஸ்களைக் காட்ட, எதிராளி ஒரே ஜாதிச் சீட்டுகள் ஐந்தை வைத்து ஜெயிக்கிறான். பணம் வராததால் துப்பாக்கியை மேசைமேல் வைக்கிறான். அவள் காசோலைப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்குகிறாள். அப்போது துப்பாக்கி முனையிலிருந்து ஒரு சொட்டு நீர் வழிகிறது. அது குழந்தைகள் விளையாடும் நீர்த்துப்பாக்கி.

எல்லாம் நாடகம் என்பது அவளுக்குப் புரிகிறது. அவர்களும் மறுக்கவில்லை. தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்கள். மைக் அவளை வாசல்வரை கொண்டுவந்து விடுகிறான். காசோலை கிழிந்து கைக்கு வந்துவிட்டது, பணம் பத்திரம், ஒரு கூட்டத்தையே கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. படம் முழுவதிலும் அவள் முதன்முறையாக உயிர்ப்போடு தெரிவது அந்த இரவில்தான்.

பாடங்கள்

அவள் திரும்பி வருகிறாள். எத்தர்களைப் பற்றிப் புத்தகம் எழுத வேண்டும், தொழிலைக் கற்றுக்கொடு என்று மைக்கிடம் கேட்கிறாள். அவன் ஒப்புக்கொள்கிறான். ஒவ்வொரு மனிதனும் தன் நினைப்பை ஏதோ ஓர் உடலசைவில் காட்டிக்கொடுக்கிறான் என்பது ஒரு பாடம். எந்தக் கையில் காசை ஒளித்திருக்கிறாள் என்று அவன் சரியாகச் சொல்கிறான். அவளுடைய முகமே அவளைக் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்த பாடம், பணம் அனுப்பும் வெஸ்டர்ன் யூனியன் அலுவலகத்தில் நடக்கிறது. ஊருக்குப் போகக் காசில்லாமல், வீட்டிலிருந்து பணம் வருவதற்காக ஓர் இளம் ராணுவ வீரன் அங்கே காத்திருக்கிறான். மேசி நடித்த வேடம் இது. மைக் பக்கத்தில் போய் உட்கார்கிறான். தனக்கும் பணம் வர வேண்டியிருக்கிறது என்கிறான். பேச்சுவாக்கில், என் பணம் முதலில் வந்தால் உனக்குப் பயணச்செலவுக்குத் தருகிறேன், வீட்டுக்குப் போய்ச் சேர் என்று சொல்கிறான். சற்று நேரத்தில் வீரனின் பணம் வந்துவிடுகிறது. அவன் வாய்திறந்து கேட்காமலேயே, முகம் தெரியாத இந்த மனிதனிடம் பணத்தை நீட்டுகிறான். மைக் அதை வாங்காமல் விட்டுவிடுகிறான். அவனுக்கு வேண்டியது பாடம் நடத்துவது மட்டும்தான்.

படத்தின் சாரம் இந்தச் சின்னக் காட்சியில் இருக்கிறது. எத்தன் உன்னிடம் நம்பிக்கையைக் கேட்பதில்லை. தன் நம்பிக்கையை முதலில் உனக்குக் கொடுக்கிறான். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மனிதர்களுக்குள் ஊறிப்போன பண்பு. அந்த நல்ல குணமே எத்தனுக்குக் கைப்பிடி. இந்தப் பாடத்தை மைக் மார்கரெட்டுக்கு வெளிப்படையாகச் சொல்லித்தருகிறான். தன் தொழில் ரகசியங்களை நம்பி அவளிடம் ஒப்படைக்கிறான். அவள் குறிப்பெழுதிக்கொள்கிறாள். அந்த நிமிடத்தில் அவளும் அந்த ராணுவ வீரன் இடத்தில்தான் இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிவதில்லை.

அன்றே மைக் ஓர் ஹோட்டலில், வேறொருவர் தங்கியிருப்பதாகச் சொல்லப்படும் அறைக்குள் அவளை அழைத்துப் போகிறான். அங்கே அவர்கள் உறவுகொள்கிறார்கள். புறப்படும்போது அங்கிருந்த சிறிய பேனாக்கத்தி ஒன்றை அவள் யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொள்கிறாள். கதையின் முடிவைத் தீர்மானிக்கப்போவது இந்தச் சிறு திருட்டு.

பெரிய வலை

மைக்கும் ஜோயியும் ஒரு வியாபாரியை ஏமாற்றும் வேலையில் இருக்கிறார்கள். ஜே. டி. வால்ஷ் நடித்த வேடம் அந்த வியாபாரி. தெருவில் 80,000 டாலர் கொண்ட பெட்டி ஒன்று 'கண்டெடுக்கப்படுகிறது'. அதைப் பங்குபோடுவது பற்றிப் பேச எல்லாரும் ஹோட்டல் அறையில் கூடுகிறார்கள். பணம் யார் கையில் இருப்பது என்ற பேச்சில், அந்த வியாபாரியைத் தன் சொந்தப் பணத்தைப் பிணையாகக் கொண்டுவரச் செய்து, பெட்டியை மாற்றிவிடுவது திட்டம். அமெரிக்கத் தெருக்களில் மிகப் பழகிப்போன ஏமாற்று வகை இது. மார்கரெட்டும் உடன் வருகிறாள்.

அந்த வியாபாரி உண்மையில் வேவு பார்க்க வந்த போலீஸ்காரன் என்பதை அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். தப்பிக்கும் தள்ளுமுள்ளில் துப்பாக்கி வெடித்து அவன் இறந்துபோகிறான். அந்தச் சாவில் அவளுக்கும் பங்கிருக்கிறது என்ற நிலை. மூவரும் ஓடுகிறார்கள், சிவப்பு நிறத் திறந்த கார் ஒன்றைத் திருடித் தப்பிக்கிறார்கள். பிறகுதான் பணப்பெட்டி அறையிலேயே விடுபட்டது தெரிகிறது. அந்த 80,000 டாலர் மாஃபியாவிடம் வாங்கிய கடன். திருப்பித் தராவிட்டால் மைக்கின் உயிர் போகும். மார்கரெட் தன் சேமிப்பிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக் கொடுக்கிறாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே கொடுக்கிறாள்.

திரை விலகுகிறது

குற்ற உணர்வில் நொறுங்கிப்போன மார்கரெட், தன் நோயாளி பில்லி அதே சிவப்புக் காரை ஓட்டிச் செல்வதைப் பார்க்கிறாள். அந்த ஒரு பார்வையில் கட்டடம் முழுவதும் சரிகிறது. அவனைப் பின்தொடர்ந்து ஒரு மதுக்கடைக்குப் போய், மறைவில் நின்று கேட்கிறாள். மைக், ஜோயி, பில்லி, வேகஸ்காரன், இறந்துபோன போலீஸ்காரன் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அவளுடைய பணத்தைப் பங்குபோடுகிறார்கள். அவள் பேனாக்கத்தியைத் திருடியதும் அவர்களுக்குப் பேச்சாகிறது. அந்த அறை மைக்கினுடையது, கத்தியும் அவனுடையதே.

அன்றிரவு விமான நிலையத்தில் அவள் மைக்கைத் தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திக்கிறாள். போலீஸ் துரத்துகிறது, பணமெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், என்னையும் கூட்டிப்போ என்கிறாள். அவன் புதிய வேட்டை கிடைத்த உற்சாகத்தில் ஆட்டத்தைத் தொடர்கிறான். பேச்சில் அவள் அந்தக் கத்தியை அவனுடையது என்று சொல்லிவிடுகிறாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவனுக்கு விளங்குகிறது. அவள் துப்பாக்கியை எடுத்து, கெஞ்சு என்கிறாள். அவன் மறுக்கிறான். அவளால் சுட முடியாது, மிரட்டுகிறாள் என்பது அவனுடைய கணிப்பு. அவள் சுடுகிறாள், ஒருமுறை அல்ல, பலமுறை.

படத்தின் அமைப்பு இங்கே ஒரு வட்டத்தை முடிக்கிறது. முதல் இரவில் சீட்டு மேசையில், எதிராளி மிரட்டுகிறான் என்று நம்பிப் பணம் கட்டித் தோற்றவள் அவள். கடைசி இரவில், எதிரே நிற்பவள் மிரட்டுகிறாள் என்று நம்பி உயிரைப் பந்தயம் கட்டித் தோற்றவன் அவன். மனிதர்களைப் படிப்பதையே தொழிலாகக் கொண்ட இருவரும் அதே வகைப் பிழையால் வீழ்கிறார்கள்.

வெற்றி என்ற தூண்டில்

மௌரர் விவரித்த படிகளோடு பொருத்திப் பார்த்தால், இந்தக் கதையின் பின்னல் தெளிவாகிறது. இரையை அழைத்துவருகிறவன் பில்லி. உள்ளே இருந்து நம்பிக்கையைப் பெறுகிறவன் மைக். ஜோடிக்கப்பட்ட இடம் அந்தச் சூதாட்ட விடுதி. பணம் கொண்டுவர அனுப்பும் படி, அவள் 80,000 டாலரை எடுக்கப்போவது. விரட்டிவிடும் படி, போலீஸ்காரனின் போலிச் சாவு.

மிச்சமிருப்பது, இரைக்குக் கொடுக்கப்படும் அந்த முதல் சிறு வெற்றி. வழக்கமான மோசடியில் கொஞ்சம் பணம் ஜெயிக்க விடுவார்கள். மார்கரெட்டுக்குப் பணத்தில் ஆசையில்லை. அவளுக்குத் தேவை, பொய்யைக் கண்டுபிடித்தோம் என்ற பெருமிதம். அதையே அவளுக்குத் தருகிறார்கள். நீர்த்துப்பாக்கியின் ஒற்றைச் சொட்டு தற்செயலா, திட்டமா என்பதைப் படம் உடைத்துச் சொல்வதில்லை. எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான்: ஒரு மோசடியை முறியடித்தவள், இனி தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பத் தொடங்குகிறாள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர் நோய்க்கு அஞ்சாததுபோல அவள் துணிந்து உள்ளே போகிறாள். எச்சரிக்கை உணர்வைத் தூங்கவைக்க, அந்த உணர்வையே ஒருமுறை ஜெயிக்கவிட்டால் போதும் என்பது இந்தப் படம் கண்டுசொன்ன உண்மை.

நேர்மையானவனை ஏமாற்ற முடியாது என்று எத்தர்களின் உலகில் ஒரு பழமொழி உண்டு. இரையிடமும் கள்ளத்தனம் இருந்தால்தான் வலை வேலை செய்யும் என்பது அதன் பொருள். மாமெட் இதை இன்னும் ஆழமாக எடுத்துச் செல்கிறார். மார்கரெட்டிடம் இருக்கும் கள்ளம் பணம் சார்ந்ததல்ல. அடக்கிவைத்த வாழ்க்கையிலிருந்து வெளியே குதிக்க வேண்டும், தடைசெய்யப்பட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்ற தாகம் அவளிடம் இருக்கிறது. புத்தகம் எழுதுவது அதற்குக் கிடைத்த கௌரவமான சாக்கு. அவள் நோயாளிகளுக்குச் சொல்லும் விளக்கங்கள் அனைத்தும் அவளுக்கே பொருந்துகின்றன. உந்துதல்களைப் பற்றி நூல் எழுதியவள், தன்னுடைய உந்துதலுக்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொள்கிறாள்.

தேற்றுகிறவர்

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1952இல் 'சைக்கியாட்ரி' என்ற மனநல மருத்துவ ஆய்விதழில் எழுதிய ஒரு கட்டுரை, எத்தர் கூட்டத்தில் கடைசியாகத் தங்கும் ஆளைப் பற்றியது. பணத்தைப் பறிகொடுத்தவர் கொதித்தெழாமல் இருக்க, ஒருவன் பின்தங்கி அவரைத் தேற்றுவான். நடந்ததை ஏற்றுக்கொண்டு வாழப் பழக்குவான். சமூகத்தின் பல அமைப்புகளும் தோற்றவர்களுக்கு இதே பணியைச் செய்கின்றன என்பது காஃப்மனின் வாதம். மனநல மருத்துவத்தையும் அவர் அதில் சேர்க்கிறார்.

'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' படத்தில் இந்தத் தேற்றும் வேலையைச் செய்கிறவர், மோசடி பற்றி எதுவுமே தெரியாத மரியா. மன்னிக்க முடியாத ஒன்றைச் செய்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, உன்னை நீயே மன்னித்துக்கொள் என்பது அவருடைய விடை. அன்போடு சொல்லப்பட்ட ஆலோசனை அது. கொலைக்குப் பிறகும் மார்கரெட் அதையே கைக்கொள்கிறாள். நல்லெண்ணத்தோடு தரப்படும் மருந்து, வேறொரு கைக்குப் போனால் குற்றத்துக்கு உரிமமாகிவிடுகிறது. படத்தின் மிகக் கடுமையான விமர்சனம் எத்தர்கள்மீது வைக்கப்பட்டதல்ல; எதையும் புரிந்துகொண்டால் மன்னித்துவிடலாம் என்ற நவீன நம்பிக்கைமீது வைக்கப்பட்டது.

சொல்லும் முறை

எத்தர் படங்களில் பெரும்பாலானவை பார்வையாளரிடம் சில தகவல்களை மறைத்துவைத்து, கடைசியில் எடுத்துக் காட்டும். 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' அந்த வழியை நாடுவதில்லை. மார்கரெட் பார்ப்பதை மட்டுமே பார்வையாளரும் பார்க்கிறார். அவள் பார்க்காத எதையும் அவரிடமிருந்து தனியாக ஒளிப்பதில்லை. பொய்யான பின்கதைக் காட்சிகள் கிடையாது. நீர்த்துப்பாக்கி சொட்டும்போது, மோசடியைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமிதம் பார்வையாளருக்கும் வருகிறது. அவரும் அதே தூண்டிலை விழுங்குகிறார். இரண்டாம் முறை பார்க்கும்போது ஒவ்வொரு வசனமும் இரண்டு பொருளோடு கேட்கிறது. படத்தின் நேர்மை அப்போதுதான் விளங்கும்.

மாமெட்டின் இயக்கக் கொள்கையும் இதற்குத் துணை நிற்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள் 1991இல் 'ஆன் டைரக்டிங் ஃபிலிம்' என்ற நூலாக வந்தன. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனை அடியொற்றி, உணர்ச்சி பூசாத எளிய காட்சித் துண்டுகளை அடுத்தடுத்து வைத்தால் பார்வையாளர் தாமே பொருளை உருவாக்கிக்கொள்வார் என்று அதில் அவர் வாதிடுகிறார். நடிகர் உணர்ச்சியைக் காட்டத் தேவையில்லை. செயலைச் செய்தால் போதும். எத்தனின் வேலையும் இதே வகைதான். அவன் முடிவைச் சொல்வதில்லை. சாவி, பெட்டி, மோதிரம், கைவிலங்கு என்று சில பொருட்களை வரிசையாக வைக்கிறான். முடிவுக்கு வருவது இரை. தானே கண்டடைந்த முடிவை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை.

நடிப்பு பற்றி இரு கருத்துகள் உண்டு. லிண்ட்சே க்ரௌஸ் விறைப்பாக, வசனத்தை ஒப்பிப்பதுபோலப் பேசுகிறார் என்று குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். கதையின் ஓட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் அந்த விறைப்புக்குக் காரணம் தெரிகிறது. மார்கரெட் தன் வாழ்க்கையில் ஒரு வேடத்தைத் தாங்கி நிற்பவள். எத்தர்களும் எழுதிவைத்த வசனத்தைப் பேசுகிறவர்கள். யாருடைய பேச்சும் இயல்பாக ஒலிக்காத ஓர் உலகில், பொய்யை மெய்யிலிருந்து பிரிக்கும் அடையாளம் காணாமல் போகிறது. இதற்கு நேர் எதிராக ஜோ மான்டெக்னாவின் மைக் நிதானமும் கவர்ச்சியும் கொண்டவன். அவன் அவசரப்படுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை, எதையும் கேட்பதில்லை. அவனுடைய ஆபத்து அந்த அமைதியில் இருக்கிறது. ஆன்சியாவின் ஒளிப்பதிவு, ஈரத் தெருக்களையும் விளக்கு வெளிச்சத்தையும் கொண்டு 1940களின் குற்றப் படங்களை நினைவுபடுத்துகிறது. தெருக்கள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடக்கின்றன. நகரமே மேடைக்காகக் காலி செய்யப்பட்டதுபோலத் தோன்றுகிறது.

கடைசிக் காட்சி

கொலைக்குப் பிறகு கதை சில காலம் தாண்டி ஓர் உணவகத்துக்குப் போகிறது. மார்கரெட் விடுமுறை முடிந்து திரும்பியிருக்கிறாள். நிறமும் பூக்களும் கொண்ட உடை, தளர்ந்த முகம். தன்னை மன்னித்துக்கொண்டதாக மரியாவிடம் சொல்கிறாள். மரியா நகர்ந்ததும், அடுத்த மேசைப் பெண்ணின் கவனத்தைத் திருப்பி, அவளுடைய கைப்பையிலிருந்து தங்க நிற லைட்டர் ஒன்றைத் திருடுகிறாள். அதைப் பற்றவைக்கும்போது அவள் முகத்தில் இன்பம் பரவுகிறது.

இந்த முடிவை விடுதலையாகப் பார்ப்பவர்கள் உண்டு: இறுகிக்கிடந்த பெண் தன் இயல்பை ஒப்புக்கொண்டாள் என்பது அவர்களுடைய வாசிப்பு. நோயாகப் பார்ப்பவர்களும் உண்டு: அவள் நூலில் விவரித்த அடிமைத்தனம் அவளையே பிடித்துக்கொண்டது என்பார்கள். படம் இரண்டாவது வாசிப்பின் பக்கமே சாய்கிறது. பேனாக்கத்தியை எடுத்தபோதே திருட்டின் சுவை அவளுக்குத் தெரிந்துவிட்டது. மைக் அதை உருவாக்கவில்லை, இருந்ததைக் கண்டுகொண்டான். அவளை முதல் பார்வையிலேயே அவன் சரியாகப் படித்தான். அந்த வாசிப்பை அவன் கடைசிவரை எடுத்துச்செல்லாததுதான் அவன் செய்த தவறு.

வரவேற்பும் தொடர்ச்சியும்

1987 வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படத்தின் திரைக்கதைக்கு விருது கிடைத்தது. கோல்டன் குளோப் விருதுக்கும் திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த ஆண்டின் மிகச் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் தம்முடைய 'மகத்தான படங்கள்' வரிசையிலும் சேர்த்தார். 2007இல் க்ரைட்டீரியன் நிறுவனம் இதை டிவிடியாக வெளியிட்டது. 2010இல் லண்டனின் அல்மெய்டா அரங்கில் ரிச்சர்ட் பீன் தழுவலில் மேடை நாடகமாகவும் வந்தது.

மாமெட் இதே களத்துக்கு மீண்டும் வந்தார். ஒரு கண்டுபிடிப்பின் ரகசியத்தைக் காக்கும் நேர்மையான ஊழியர் படிப்படியாகச் சிக்கவைக்கப்படும் 'தி ஸ்பானிஷ் பிரிஸனர்' 1997இல் வெளிவந்தது. அதிலும் ரிக்கி ஜே நடித்தார். 2000இல் அர்ஜென்டினாவில் ஃபேபியன் பியெலின்ஸ்கி இயக்கிய 'ஒன்பது ராணிகள்', இரண்டு எத்தர்களின் ஒருநாள் கூட்டணியைச் சொல்லி உலகப் புகழ் பெற்றது. ஒரு முழுக் கதையும் ஒரே ஆளுக்காக அரங்கேற்றப்பட்ட நாடகம் என்று கடைசியில் தெரியவரும் அமைப்பை அதிலும் காணலாம்.

இந்த வகைப் படங்களுக்குள் 'ஹவுஸ் ஆஃப் கேம்ஸ்' தனித்து நிற்பதற்குக் காரணம், அது ஏமாந்தவரைப் பரிகசிப்பதும் இல்லை, எத்தனைக் கொண்டாடுவதும் இல்லை. ஏமாறுவது அறிவுக் குறைவால் நடப்பதல்ல என்பதை அது படிப்படியாக நிறுவுகிறது. பிறர் நம்பிக்கைக்குப் பதில் செய்யும் நற்குணம், கண்டுபிடிக்கும் திறமையில் வரும் பெருமிதம், சொந்த ஆசைக்கு நல்ல பெயர் சூட்டிக்கொள்ளும் பழக்கம் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் எத்தனுக்கு வேலை எளிதாகிறது. மூன்றுமே படித்தவர்களிடம் குறைவில்லாமல் இருப்பவை. மோசடிகளின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறினாலும், அவை பற்றிப் பிடிக்கும் இடங்கள் இவைதான். அவற்றை இவ்வளவு துல்லியமாகச் சுட்டிக்காட்டிய படங்கள் மிகக் குறைவு.